லேட்டாகும் என்று

நெய்வேலி
7.7.2024

அன்புள்ள தம்பி பாலகுமாருக்கு,

அக்கா திலகவதி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அத்தானுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நைட் ஷிப்ட் வருகிற வாரத்தில் மட்டும் ஏறிவிடுகிறது. உனக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? லடாக்கின் உயரம் பழகிவிட்டது என்று போன தடவை சொன்னாய். பழகிவிட்டது என்று சொல்கிற குரலே இரைத்தது.

போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. உங்கள் ஊர் டவர் வேலை செய்கிற நாளில் எனக்கு வேலை இருக்கிறது. பிடித்தாலும் நான் ஒன்று தொடங்குவதற்குள் நீ மூன்று சொல்லி முடித்துவிடுகிறாய். அதனால் கடிதமே நல்லது.

மந்தாரக்குப்பத்தில் நோட்டரி ஆபீசுக்குப் பக்கத்து அறையில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். பத்திரம், சான்றிதழ், காண்ட்ராக்ட் கம்பெனிகளின் காகிதம் என்று தமிழில் வருவதை ஆங்கிலத்தில் மாற்றி அடித்துக் கொடுக்கிறேன். இந்த வருஷத்தோடு பத்தொன்பது வருஷம் ஆகிறது.

நீ அங்கே கணக்கு வாத்தியார் வேலையோடு அந்த ஊர் மொழியின் இலக்கணத்தையும் நோட்டில் எழுதிவருகிறாயே, அதனால் உன்னிடம் கேட்கிறேன். ‘மழை வரும் என்று குடை எடுத்தேன்’ என்று ஒரு வாக்கியம். மழை வரும் என்றது யார்? ஆங்கிலத்தில் ‘நினைத்து’ என்று போடலாமா? சும்மாதான் கேட்கிறேன். சில நாள் இப்படி ஏதாவது ஒன்று மனசில் மாட்டிக்கொள்கிறது.

கம்பளிச் சட்டையைத் துவைத்து உடனே போட்டுக்கொள்ளாதே, நன்றாகக் காயவிடு.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா திலகவதி


லடாக்
25.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் மூச்சும் நலம். அத்தானை இனிப்பிலிருந்து தள்ளியே வை. சர்க்கரை இறங்கியதைக் கொண்டாட இரண்டு மைசூர்பாகு தின்றிருப்பார்.

உன் கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. போடலாம், தாராளமாகப் போடலாம். குடை எடுத்தவன்தான் மழை வரும் என்று நினைத்தவன், வேறு யார்? தமிழ் வாக்கியம் எழுவாய் இல்லாமலே நடந்துவிடும். ‘பசிக்கிறது’ என்றால் போதும், யாருக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும், ஆள் இல்லாவிட்டால் அது எழுந்தே நிற்காது.

இந்த ஊர் மொழி வேறு மாதிரி. நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கிறார்கள். நாம், நாங்கள் என்ற வித்தியாசம்கூட இருக்கிறது. ஆனால் ‘இருக்கிறான்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. கண்ணால் கண்டது என்றால் ‘துக்’. தொட்டோ கேட்டோ முகர்ந்தோ அறிந்தது என்றால் ‘ரக்’. பிறர் சொல்லக் கேட்டது என்றால் கடைசியில் ஒரு ‘லோ’ சேர்க்க வேண்டும்.

இது தெரியாமல் போன மாதம் ஒரு தப்புப் பண்ணினேன். பக்கத்து வீட்டு அம்மாளின் மகன் வீட்டோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. லே ஊரில் இருக்கிறான் என்று பஸ் டிரைவர் என்னிடம் சொன்னார். அதை அந்த அம்மாளிடம் சொல்லும்போது ‘துக்’ போட்டுவிட்டேன். அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இளைச்சிருக்கானா? என்ன சட்டை போட்டிருந்தான்? என்னைக் கேட்டானா?” என்று கேட்கிறார். நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்று விளக்கி முடிப்பதற்குள் அவர் முகம் போன போக்கை உனக்கு எழுதத் தெரியவில்லை. ஒரு சின்ன அசைதான் அக்கா.

சமயத்துக்குச் சாப்பிடு.

அன்புத் தம்பி
பாலகுமார்


நெய்வேலி
11.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம், உன் நலத்துக்கு எழுது. நீ எழுதியதைப் படித்து மனசு லேசானது. ‘போடலாம், தாராளமாகப் போடலாம்’ என்ற வரியை நாலு தடவை படித்தேன். உனக்கு மிகவும் நன்றி.

அந்த அம்மாளின் மகன் வந்தானா?

இன்னும் ஒன்று கேட்கிறேன். குடை எடுத்தவன் பக்கத்தில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தால் அப்போதும் ‘நினைத்து’தானே? உங்கள் ஊரில் இதற்கெல்லாம் அந்த ‘லோ’ கட்டாயமா?

கடைக்கு நேற்று ஒரு பெண் வந்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். வளையமாதேவிப் பக்கத்துப் பேச்சு. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தாள். என்ன அடிக்க வேண்டும் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வெயில் இன்னும் குறையவில்லை. ஜன்னலைத் திறந்தால் கரித்தூள், மூடினால் புழுக்கம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி
அக்கா


லடாக்
1.9.2024

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். அந்தப் பையன் வரவில்லை. அந்த அம்மாள் என்னைக் கண்டால் சிரிக்கிறார், ஆனால் என் சொல்லை இப்போது நிறுத்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறார்.

நீ எனக்கு இதுவரை நன்றி சொன்னதே இல்லை. என் பரீட்சைக்குப் பணம் கட்டிய நாளில்கூட நான்தான் சொன்னேன், நீ திட்டினாய். குடைக்கா இவ்வளவு நன்றி? பக்கத்தில் நிற்கிறவர் யார்?

அவசரத்தில் நான் சொல்லாமல் விட்டதையும் எழுதுகிறேன். ‘என்று’ எங்கிருந்து வருகிறது? ‘என்’ என்ற வினையிலிருந்து. என்றான், என்றாள் என்கிறோமே, அதே வினை. ‘என்று’ என்றாலே ‘சொல்லி’ என்றுதான் அர்த்தம். பிறகுதான் அது மனசுக்குள் சொல்லிக்கொள்வதற்கும் வந்தது. அதனால் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நினைத்ததா, யாராவது சொன்னதா என்று முடிவுகட்ட முடியாது. வாக்கியத்தைச் சொன்னவனைத்தான் கேட்க வேண்டும்.

மழையும் குடையும் உன் சொந்த உதாரணமா, இல்லை வேறு ஏதோ ஒன்றின் இடத்தில் அதை வைத்தாயா? உண்மையான வாக்கியத்தை எழுது.

தூக்கம் வருகிறதா உனக்கு?

தம்பி
பாலகுமார்


நெய்வேலி
29.9.2024

அன்புள்ள பாலகுமாருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் இல்லை.

அந்த வாக்கியம் இது: “பக்கத்துல சூப்பர்வைசர் நின்னுகினு இருந்தாரு. நிறுத்தினா லேட்டாவும்னு கைய உட்டேன்.”

சொன்னவன் பெயர் தமிழ்மாறன். இருபத்தேழு வயது. அப்பா அம்மா கம்மாபுரம் பக்கம் நடவு வேலைக்குப் போய் வளர்த்த பிள்ளை. மந்தாரக்குப்பத்தில் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டின் ரோலர்களைப் பழுதுபார்க்கிற ஒரு தனியார் காண்ட்ராக்ட் கம்பெனியில் வேலை. ரோலரைச் சுற்றவிட்டுத் துடைக்கிற மெஷினில் துணி சிக்கியிருக்கிறது. மெஷினை நிறுத்தாமல் எடுக்கப் போயிருக்கிறான். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் சொன்னதைத் தமிழில் எழுதி வாங்கியிருந்தார்கள். கம்பெனியின் தலைமை ஆபீஸ் வெளிமாநிலத்தில் இருக்கிறது, அங்கே தமிழ் படிக்க ஆள் இல்லை. ஜூன் மாதம் அந்தத் தாள் என்னிடம் வந்தது. ‘நிறுத்தினால் நேரமாகும் என்று நானே நினைத்துக் கையை விட்டேன்’ என்று பொருள் வருகிற மாதிரி ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தேன். உன் முதல் கடிதம் வந்தபோது அது போய்ச் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நிறுத்தாமல் கை வைக்கக் கூடாது என்று மெஷின்மேல் போர்டு இருக்கிறதாம். போர்டைத் தெரிந்தே மீறினான், தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான் என்று வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு வந்து நின்றுவிட்டுப் போன பெண் அவன் மனைவி இசைப்பிரியா. போன வாரம் மறுபடி வந்தாள். கவரிலிருந்து இரண்டு தாளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம். அவள் ப்ளஸ் டூ படித்தவள்.

“இதுல நினைச்சேன்னு எங்கங்க இருக்குது? நானும் பத்து தபா படிச்சிட்டேன். இங்கிலீஷ்ல இருக்குது. தமிழ்ல காணோம்.”

‘னு’ என்று இருக்கிறதே, அதற்கு அப்படித்தான் அர்த்தம் என்றேன்.

“எங்க வூட்டுக்காரரு எதை நினைச்சாருன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது. தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா


லடாக்
14.10.2024

அக்கா,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனசு வரவில்லை.

குடையைக் காட்டிக் கையை மறைத்தாய். நானும் உற்சாகத்தில் ‘தாராளமாக’ என்று எழுதினேன். என் எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறாய்.

தமிழ்மாறன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உன் கடையிலிருந்து அது எவ்வளவு தூரம்? ஒரு தடவை நடந்து போய், ‘தம்பி, லேட்டாகும் என்று யார் சொன்னது?’ என்று கேட்க எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? நீ அதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, தொடவில்லை. இந்த ஊர் மொழியில் அந்த வாக்கியத்தை எழுத உனக்கு ஒரு வினைமுற்றுக்கூடக் கிடைத்திருக்காது.

பத்தொன்பது வருஷம் வேலை செய்தவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வராமலா இருந்தது? வந்ததனால்தானே என்னைக் கேட்டாய்?

பாலகுமார்


லடாக்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. அத்தானுக்குப் போன் செய்தேன். “நல்லா இருக்கா, ஆனா பேச மாட்டேங்கறா” என்றார்.

அவசரமாக எழுதி அவசரமாகத் தபாலில் போட்டுவிட்டேன். நீ கேட்டது மழை, குடை என்றாலும், யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாமலே நானும்தானே ‘வேறு யார்?’ என்று எழுதினேன்? அடுப்பை விட்டு ஓடிவந்த அந்த அம்மாளின் கதையை எழுதிய அதே தாளில் எழுதினேன். உன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

திட்டியாவது இரண்டு வரி எழுது. இங்கே குழாயில் தண்ணீர் உறைய ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

உன் தம்பி
பாலகுமார்


நெய்வேலி
15.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் மேஜை டிராயரில் இருக்கின்றன. முதலில் வந்ததுதான் சரி. அதற்காக வருத்தப்படாதே.

அதில் நீ கேட்டதற்குப் பதில். சந்தேகம் வந்தது. அந்த வரியில் வந்து கை நின்றுவிட்டது. அப்போது கம்பெனி மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “என்ன மேடம், நினைச்சுன்னு போட்டுடுங்க. அதானே அர்த்தம்? மெயில் அஞ்சு மணிக்குள்ள போகணும்” என்றார். எனக்கு வருகிற வேலையில் பாதி அந்தக் கம்பெனியுடையது. அவர் மிரட்டவில்லை, எனக்குக் காபிகூட வாங்கித் தந்தார். நான் அடித்தேன். போன வாரம்வரை இதை யாரிடமும் சொல்லவில்லை, உன் அத்தானிடமும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இப்ப போய்ச் சொன்னா உன் கடைய மூடிடலாம்” என்றார். “மூடலாம்” என்றேன்.

மறுநாள் தமிழ்மாறன் வீட்டுக்குப் போனேன். வலது கையைத் துண்டால் மூடியிருந்தான். இசைப்பிரியா பாயைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் யார் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்றும் சொன்னேன். பிறகு, லேட்டாகும் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

“இப்ப வந்து கேக்கறீங்களே” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நான் எழுந்து வந்தேன். வாசல்வரை வந்த இசைப்பிரியாதான், தொழிலாளர் அதிகாரியிடம் மனுக் கொடுத்திருப்பதாகவும் ஜனவரி இருபத்திரண்டாம் தேதி கடலூரில் விசாரணை என்றும் சொன்னாள். “வருவீங்களா?” என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா திலகவதி


லடாக்
4.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. பனியால் வழி அடைத்திருக்கிறது, இது இருபத்திரண்டாம் தேதிக்குள் உன்னிடம் வந்து சேருமா தெரியவில்லை. அதனால் அறிவுரை எதுவும் எழுதவில்லை. போய்விட்டு வந்து எழுது, ஒன்றையும் விடாமல் எழுது. அன்று காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. பரபரப்பு வந்தால் நீ பட்டினி கிடப்பாய்.

தம்பி


நெய்வேலி
9.3.2025

அன்புள்ள தம்பி பாலகுமாருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் பிப்ரவரியில்தான் வந்தது, ஆனாலும் விசாரணை நாளில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். உன் அத்தான் யாரிடமோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏற என்னோடு வந்தார்.

ஒரு சின்ன அறை. நடுவில் அதிகாரி, ஐம்பது வயதிருக்கும் அம்மாள். ஒரு பக்கம் கம்பெனி வக்கீலும் மேனேஜரும். இந்தப் பக்கம் தமிழ்மாறன், இசைப்பிரியா, கூட வேலை பார்த்த இரண்டு பேர். என்னைக் கூப்பிட்டதும் எழுந்துபோய், ‘நினைத்து’ என்ற சொல் தமிழ்மாறன் சொன்னதல்ல, நான் சேர்த்தது என்றேன். மேனேஜர் சொல்லித்தான் சேர்த்தேன் என்பதையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

வக்கீல் எழுந்தார். “அப்ப நீங்க எழுதினது தப்புன்னு சொல்றீங்களா?”

“தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது சார். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினேன்னு சொல்றேன்.”

“பத்தொன்பது வருஷமா இந்த வேலைதான் பண்றீங்க. இதே மாதிரி இன்னும் எத்தனை பண்ணியிருக்கீங்க?”

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன் தம்பி, இன்றைக்கும் தெரியவில்லை.

அதிகாரி தமிழ்மாறனைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்க. லேட்டாகும்னு உங்ககிட்ட யார் சொன்னாங்க?” என்று கேட்டார்.

“அன்னிக்கு யாரும் சொல்லலைங்க” என்றான்.

வக்கீல் சிரித்துவிட்டார். இசைப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் நிறுத்தவில்லை. “தெனம் சொல்லிகினே இருப்பாங்க மேடம். நிறுத்தினா லேட்டாவும், நிறுத்தினா லேட்டாவும்னு. மொத வாரம் நான் நிறுத்துனதுக்கு ஒரு நாள் முழுக்க வெளிய நிக்க உட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் சொல்லத் தேவைப்படலீங்க. அன்னிக்கு சூப்பர்வைசரு நின்னு பாத்துகினுதான் இருந்தாரு. நிறுத்துடான்னும் சொல்லல, கைய உடுறான்னும் சொல்லல. நான் உட்டேன்.”

கூட வேலை பார்த்த இருவரும் தினமும் அப்படித்தான் என்றார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம், “அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க. ஒன்னும் மாத்தாதீங்க” என்றார்.

அவன் நினைத்ததாக நான் போட்டிருந்தேன். சொன்னார்கள் என்று போட்டிருக்க வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் போட்டிருந்தாலும் அது அவன் சொன்னதாக இருந்திருக்காது.

பிப்ரவரி கடைசியில் உத்தரவு வந்தது. நீக்கியது செல்லாது, அந்தக் கைக்கு ஏற்ற வேலை கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. கருவிகள் கொடுத்து வாங்குகிற ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். விரல்களுக்கு உத்தரவு எதுவும் இல்லை. சூப்பர்வைசர் அங்கேயேதான் இருக்கிறார். கம்பெனி வேலை எனக்கு விசாரணைக்கு மறுநாளே நின்றுவிட்டது. நோட்டரி அறையைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். இப்போது புவனா என்று ஒரு பெண் நடத்துகிற ஜெராக்ஸ் கடையில் ஓரமாக ஒரு மேஜை. உன் அத்தான் ஷிப்ட் முடிந்து வரும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அந்த மேஜைக்குப் போன வியாழக்கிழமை தமிழ்மாறன் வந்தான். கடலூரில் எழுதிய புது வாக்குமூலத்தையும் தலைமை ஆபீசுக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டுமாம். வேறு நல்ல ஆளாகச் சொல்கிறேன் என்றேன்.

“வேணாங்க, நீங்களே பண்ணுங்க. எந்த எடத்துல தப்பு வரும்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். ஒவ்வொரு வரியையும் படித்து, இது யார், இது எந்த நாள், நீ பார்த்ததா பிறர் சொன்னதா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். இரண்டு தடவை “அதான் சொன்னேனேங்க” என்று சலித்துக்கொண்டான். ஒரு தடவை எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தான். ஒரு பக்கத் தாள், மதியம் முழுக்க ஆனது. அந்த ஒரு வரி ஆங்கிலத்தில் நாலு வாக்கியமாக வந்தது. தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்: நிறுத்தினால் லேட்டாகும் என்று தினமும் சொல்வார்கள். அன்று யாரும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை விட்டேன்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

“ம். இதாங்க” என்றான்.

பேனாவை இடது கையில் வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பாதிப் பெயருக்குப் பிறகு எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிக்கொண்டே போனது. வேறு தாள் அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டுங்க. நான் போட்டதுதானே” என்றான்.

கோடை லீவுக்கு வருவாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னைக் காணக் காத்திருக்கும்
அக்கா திலகவதி